நாற்பத்தேழு ஞாயிறு கழுவிய கார்

அக்காவின் புது வேலை ஒரு காரின் பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்பது தம்பிக்குப் புதன்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

கடிதம் செவ்வாய் காலையில் வந்தது. அக்கா அதை நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு தம்பியிடம் நீட்டி, "நீ ஒரு தடவை சத்தமாப் படிடா. என் கண்ணு என்னை ஏமாத்துதோ என்னவோ" என்றாள். அவன் படித்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றி ஊசி போடும் செவிலி வேலை. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

அவளுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று தம்பிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் இருக்கும் மருத்துவமனை வார்டை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அங்கிருப்பவர்களுக்கு இன்னொரு ஊர்க் கிளையில் இடம் உண்டு. ஆனால் அந்த ஊர் நான்கு மணி நேரப் பயணம். விடுதியில் தங்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தான் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். போய்ப் பதினொரு மாதம் ஆகிறது, திரும்பி வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆக, அக்கா வெளியூர் போனால் வாலுவுக்கு மிஞ்சுவது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இந்த மாமா ஒருவன்தான்.

கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. சொந்தக் கார் வேண்டும், அது அவள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்க வேண்டும். வண்டி பரிசோதனையில் தேறியதற்கான சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரை அழைப்பார்கள்.

"கார்தான் இருக்கே" என்றாள் அக்கா. "பழைய சான்றிதழ் மூணு மாசம் முன்னாடி முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கணும். அவ்வளவுதானே?"

"வண்டி புதுசு மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி. அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இருக்காதா? அத்தான் கிளம்பும் முன் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். யாரும் வண்டியை ஓட்டக் கூடாது. ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓட விட வேண்டும். நன்றாகக் கழுவ வேண்டும். ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்துவிட வேண்டும். உறை போட்டு மூட வேண்டும். மருந்துக்கடையில் காலையும் மாலையும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்து வைப்பது தம்பியின் வேலை. அந்தப் பழக்கத்தில் இதற்கும் கட்டம் போட்டு, வாரா வாரம் டிக் அடித்து வந்தான். நாற்பத்தேழு ஞாயிறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. காய்ச்சலில் படுத்த ஞாயிறன்றுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தான். ஒரு வேலையைத் தான் சரியாகச் செய்கிறோமா என்று எப்போதும் சந்தேகப்படுகிறவன் அவன். இந்த ஒன்றில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

பரிசோதனைக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இடம் கிடைத்தது. புதன் மாலை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று அக்கா சாவியை எடுத்தாள். அவளிடம் லைசென்ஸ் ஆறு வருடமாக இருக்கிறது. ஆனால் பயிற்சிப் பள்ளிக் காரைத் தவிர வேறு எதையும் அவள் ஓட்டியதில்லை. "நீ ஓட்டினா கிளட்ச் தேஞ்சுடும்" என்பது அத்தானின் தீர்ப்பு. தம்பிக்கு லைசென்ஸே கிடையாது. வாலு ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. தம்பி தலையை ஆட்டிக்கொண்டான். அக்கா ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியர் போட்டு, கிளட்சை விட்டாள். காரின் பின்பக்கம் குந்தியது. எஞ்சின் அணைந்தது.

"நான் ஏதோ தப்புப் பண்றேன்" என்றாள். மறுபடியும் செய்தாள். மறுபடியும் குந்தியது, அணைந்தது.

"அம்மா, கார் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்குது" என்றாள் வாலு.

மூன்றாவது முறை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை உறும விட்டாள். பூட்டை உடைத்தது போல் பின்னால் டொப்பென்று ஒரு சத்தம். ஒரு துள்ளுத் துள்ளிக் கார் நகர்ந்தது. வாலு கைதட்டினாள். ஆனால் சக்கரம் உருள உருள, தகரத்தை யாரோ சுரண்டுவது போல் கர்ர், கர்ர் என்று கேட்டது. தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் அக்காவுக்கு முகம் வேர்த்துவிட்டது.

அன்றே கப்பலில் இருந்த அத்தானுக்குப் போன் கிடைத்தது, அக்கா அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். குரல் விட்டு விட்டு வந்தது.

"அது மேல்துரு. சக்கரத்துக்குள்ள பிரேக் பிடிக்கிற தட்டு இருக்கே, அந்த டிஸ்க்கு வார்ப்பிரும்பு, தண்ணி பட்டா ஒரே ராத்திரியில சிவந்துடும். ரெண்டு தடவை பிரேக் அடிச்சா பளபளன்னு ஆயிடும். நான் கப்பல் எஞ்சினையே பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தான். பிறகு சற்று நிறுத்தி, "ஆமா, வண்டிய ஓட்டினது யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"நீயா! போச்சு, கிளட்ச் போச்சு."

"கிளட்சுக்கு ஒண்ணும் ஆகலை. என் வேலைதான் போகும் போல இருக்கு" என்றாள் அக்கா. ஆனால் அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது.

அத்தான் சொன்னதை இருவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வேறு எதைப் பிடித்துக்கொள்வது? தம்பி உப்புத்தாள் வாங்கி வந்து, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரலை நுழைத்து, பின்பக்க டிஸ்க்குகளைத் தேய்த்தான். செம்பழுப்புத் தூள் கொட்டிக் கொட்டி உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. இரண்டு பக்கமும் பளபளத்த பிறகு எழுந்து கையைக் கழுவினான். அந்தத் தட்டுக்கு இன்னொரு முகம் உண்டு என்பதும், அது காரின் வயிற்றுப் பக்கமாகத் திரும்பி இருக்கிறது என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை.

பரிசோதனை நிலையம் நீளமான ஒரு கொட்டகை. தரையில் இரும்பு உருளைகள் பதித்திருந்தார்கள். சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினால் உருளைகள் சுழலும், பிரேக்கை அழுத்தினால் எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று சுவரில் இருக்கும் திரை சொல்லும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பரிசோதகர் நரை விழுந்த ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார்.

முன்சக்கரங்கள் தேறின. பின்சக்கரங்களை ஏற்றியதும் திரையில் எழுபத்தொன்று என்று வந்தது.

"இடது பக்கம் பிடிக்குது. வலது பக்கம் சும்மா வேடிக்கை பார்க்குது" என்றார் பரிசோதகர். "இப்படியே வேகமாப் போய் பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடும்மா."

"மேடம், நேத்துதான் தேய்ச்சேன். பளபளன்னு இருக்கே" என்றான் தம்பி.

அவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உள்பக்கம் பாத்தீங்களா?"

மறு பரிசோதனைக்கு வெள்ளி பிற்பகல் இரண்டரைக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அதை விட்டால் திங்கள். அக்கா வெள்ளிக்கிழமைக்கு எழுதிக்கொண்டாள்.

நிலையத்துக்கு எதிரிலேயே மெக்கானிக் ஒருவர் இருந்தார். வாய் ஓயாததால் அவருக்கு வானொலி என்று பெயர். வலது பின்சக்கரத்தைக் கழற்றியவர், பேச்சை நிறுத்திவிட்டார். அதுவே தம்பிக்குப் பயமாக இருந்தது. வானொலி ஒரு சின்னக் கண்ணாடியை டிஸ்க்குக்குப் பின்னால் பிடித்து, "குனிஞ்சு பாருங்க தம்பி" என்றார்.

கண்ணாடியில் தெரிந்த இரும்பில் அம்மைத் தழும்பு போல் குழிகள் இருந்தன. ஓரம் செதில் செதிலாக உரிந்து நின்றது. ஓரிடத்தில் மட்டும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு அச்சு எடுத்தாற்போல் ஒரு கறுத்த வடு. பேடை வெளியே எடுத்ததும் அதன் தகடு ஒரு கையிலும், உராயும் பகுதி மறு கையிலுமாக இரண்டாக வந்தது.

"வண்டிய எப்படி வெச்சிருந்தீங்க?"

"நல்லாத்தான் வெச்சிருந்தேன். வாரா வாரம் எஞ்சினை ஓட விடுவேன்."

"நின்ன இடத்துலேயா?"

"ஆமா."

"கழுவுவீங்களா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். சக்கரத்துக்கு உள்ளேயும் பைப்பைப் பிடிச்சு."

"அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிக் காய வெப்பீங்க."

"இல்லை. ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, உறை போட்டு மூடிடுவேன்."

வானொலி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "குளிப்பாட்டி, தலைகூடத் துவட்டாம, ஈரத்தோட போர்வையைப் போத்திப் படுக்க வெச்சிருக்கீங்க. அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. சளி பிடிக்காம என்ன செய்யும்? ஈர டிஸ்க்கை பேட் வாரக் கணக்கா இறுக்கிப் பிடிச்சிருந்தா ரெண்டும் சேர்ந்து துருப்பிடிச்சு ஒட்டிக்கும். ஓடற வண்டின்னா அந்தத் துரு அன்னன்னைக்கே தேஞ்சு போயிடும். பராமரிக்காம மரத்தடியில போட்டு வெச்ச வண்டிகூட இவ்வளவு மோசமா வந்ததில்லை தம்பி."

தம்பி திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை. அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கும். நாற்பத்தேழு டிக்குகளும் அவன் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஒரு வாரம் சோம்பேறித்தனமாக இருந்திருக்கலாம். பத்து வாரம் இருந்திருக்கலாம். மழைநாளில் கழுவாமல் விட்டிருக்கலாம். ஒன்றுமே செய்யாத ஒரு சோம்பேறியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கும்.

"நாளைக்கு ரெண்டரைக்குள்ள முடியுமா அண்ணே?" என்று அக்கா கேட்டாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"டிஸ்க்கும் பேடும் புதுசு போடணும். நாளைக்குக் காலையில வந்துடும். ஆனா பேடைத் தள்ளுற இந்தக் காலிப்பர் இருக்கு பாருங்க, இது இந்த மாடலுக்குப் பத்து நாள் ஆகும். பழசையே பிரிச்சு, சுத்தம் பண்ணி, கெஞ்சிப் பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை தம்பி கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தான். ஒன்பதுக்கு வருவதாகச் சொன்ன டிஸ்க்குகள் பதினொன்றரைக்கு வந்தன. அவன் அந்த இரண்டரை மணி நேரத்தில் செய்யக் கூடியது எதுவும் இல்லை. தெருவைப் பார்த்தான். தெருவில் ஓடும் கார்களின் சக்கரங்களைப் பார்த்தான். எல்லாவற்றிலும் டிஸ்க் மினுங்கியது. சேறும் அழுக்கும் அப்பிய, ஒரு நாளும் யாரும் கழுவாத கார்கள்.

இடது காலிப்பர் கொஞ்சம் எண்ணெய்க்கே வழிக்கு வந்தது. வலது பக்கம் மட்டும் முரண்டு பிடித்தது. வானொலி அதைச் சூடாக்கினார், தட்டினார், திட்டினார். ஒன்றரை மணிக்கு அது மெல்ல அசைந்தது. தம்பி நட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கரி.

"அசையுது. ஆனா சோம்பலா அசையுது" என்றார் வானொலி. "ஓட ஓடத்தான் சரியாகும். புது பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியணும். நூறு கிலோமீட்டர் ஓடினா நான் கையெழுத்தே போட்டுக் கொடுப்பேன்."

மணி ஒன்று ஐம்பது. நூறு கிலோமீட்டருக்கு எங்கே போவது?

அக்கா வார்டில் அரை நாள் சொல்லிவிட்டுச் சீருடையோடே வந்திருந்தாள். ஏறி உட்கார்ந்து, வெளிவட்டச் சாலைக்கு வண்டியைத் திருப்பினாள். வானொலி சொல்லிக் கொடுத்தபடி வேகம் எடுப்பாள், மெல்ல பிரேக்கை அழுத்துவாள், மறுபடி வேகம் எடுப்பாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தே மாய்ந்தார்கள். ஒருவர் ஜன்னலை இறக்கி, "ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதானே!" என்று கத்தினார்.

"வீட்டுல உட்காரத்தான்யா இந்தப் பாடு படறேன்" என்றாள் அக்கா, அவருக்குக் கேட்காத அளவில்.

தம்பி வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான். முப்பத்தோராவது பிரேக்கில் முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. எங்கோ ஒரு லாரி பழுது. பதினெட்டு நிமிடம் நின்றார்கள். நின்ற ஒவ்வொரு நிமிடமும் வலது பின்சக்கரம் எப்படி இருக்கும் என்று தம்பி யோசித்தான். அவனால் இறங்கிப் போய் அதைத் தேய்க்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

இரண்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கொட்டகைக்குள் நுழைந்தார்கள். ஆனால் அங்கேயும் வரிசை. உருளை மேல் ஏறும்போது மணி மூன்று நாற்பது.

பரிசோதகர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். "டிஸ்க் மாத்திட்டீங்களா? நல்லது" என்றார். உருளைகள் சுழன்றன. அக்கா மிதித்தாள். நாற்பத்தொன்று.

"மூணு தடவை பார்க்கலாம். கடைசித் தடவை வர்றதுதான் கணக்கு" என்றார் அவர். மறுபடி சுழன்றன. முப்பத்தாறு.

குறைகிறது! மிதிக்க மிதிக்கக் குறைகிறது. அக்கா இருக்கையில் முன்னால் நகர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனம் எல்லாவற்றையும் வலது காலில் இறக்கினாள்.

முப்பத்திரண்டு.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. உருளைகள் தாமாகவே நின்றன.

"மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான் தம்பி. "குறைஞ்சுக்கிட்டே வருது, நீங்களே பாத்தீங்க. அடுத்த தடவை முப்பதுக்குக் கீழே வந்துடும்."

"வரும். எனக்கும் தெரியுது" என்றார் பரிசோதகர். "ஆனா மூணுக்கு மேல மெஷின் திறக்காது தம்பி. நான் நினைச்சாலும் முடியாது. திங்கட்கிழமை முதல் வண்டியா வாங்க, கண்டிப்பாத் தேறிடும்." அவர் சொன்னது உண்மை என்பதுதான் அதில் கொடுமை.

அக்கா இறங்கிச் சுவரோரமாகப் போய் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். தம்பிக்கு இரண்டு பேர் குரலும் கேட்டது.

"திங்கட்கிழமை காலையில கையில சான்றிதழ் இருக்கும்மா. பரிசோதகரே சொல்றாங்க."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் வீட்டுக்கு ஆள் போயாகணும். படுத்த படுக்கையா ஒரு பெரியவர். சான்றிதழ் இல்லாம நான் யாரையும் அனுப்ப முடியாது. அடுத்தவங்க எல்லாத்தையும் கொடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "படுக்கைப்புண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. தினமும் கட்டு மாத்தணும்."

"அப்போ அவங்களையே அனுப்புங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றாள் அக்கா. போனை அணைத்துப் பையில் போட்டாள்.

தம்பி கிட்டே போனான். காலையிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னான். "எல்லாம் என்னாலதான்க்கா. தண்ணி ஊத்தி ஊத்தி நான்தான் கெடுத்தேன்."

"நீ கெடுத்தியா?" அக்கா அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். "தாள்ல எழுதியிருந்ததை நீ செஞ்சே. யாரும் ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு, நானும் ஓட்டலை. லைசென்ஸை அலமாரியில வெச்சுக்கிட்டு பஸ்சுக்கு நின்னேன். வாரம் ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வந்திருந்தாலே போதும்னு அந்த மெக்கானிக் சொல்றார். யாரைப் போய்ச் சொல்றது?"

பின்னால் வரிசையில் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அவர்கள் கார் இன்னும் உருளைகள் மேலேயே நின்றது. அக்கா ஓடிப் போய் ஏறி வண்டியை எடுத்தாள். தம்பி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கொட்டகையின் வாசலில் திடீரென்று ஒரு தள்ளுவண்டி குறுக்கே வர, அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் இம்மிகூட இழுக்காமல், சத்தம் போடாமல், கோடு போட்டாற்போல் நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளுவண்டிக்காரர் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. அதைத் தம்பி பார்த்தான், அக்கா பார்க்கவில்லை.

"நாலேகாலுக்கு வாலுவை ஸ்கூல்ல விட்டுடுவாங்க" என்றாள் அவள். இரண்டாம் முறையும் தேறாத வண்டியை மெக்கானிக்கிடம் தவிர வேறெங்கும் ஓட்டிப் போகக் கூடாது என்று கையிலிருந்த தாளில் இருந்தது. எதிர்ப்பக்கம் போய் வானொலியின் கடை முன்னால் நிறுத்தி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, இருவரும் பள்ளிக்கூடத்தை நோக்கி வேகமாக நடந்தார்கள்.

"அவகிட்ட நான் சொல்லட்டுமாக்கா?" என்றான் தம்பி.

"வேண்டாம், நானே சொல்லிக்கிறேன். அந்த ஊருக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கு." கொஞ்ச தூரம் போன பிறகு, "உனக்குப் பின்னல் போடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ரெட்டைப் பின்னல் இல்லாம அவங்க ஸ்கூல்ல உள்ளே விடமாட்டாங்க. இன்னைக்கே ஆரம்பிச்சுடு. இறுக்கிப் போட்டா அழுவா, தளர்த்தினா பத்து மணிக்கே அவிழ்ந்துடும்."

தம்பி சரி என்று தலையாட்டினான். கரி படிந்த கைகளைச் சட்டையில் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.